பிள்ளை வேண்டுமா, எப்போது, யாருக்காக? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கலியாணம் முடித்து ஆறு மாதம் ஆவதற்குள் “ஏதும் விசேஷம் இருக்கோ?” என்று கேட்காத தெரு திருகோணமலையில் இல்லை. பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் கேட்பார்கள், மரக்கறிக் கடையில் கேட்பார்கள், செத்த வீட்டில்கூடக் கேட்பார்கள். கணவனும் மனைவியும் மட்டும் ஒருவரை ஒருவர் ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டார்கள். உளவளத்துணையாளராக எனக்கு வரும் கடிதங்களில் நிறைய இந்த இடத்தில்தான் சிக்கி நிற்கின்றன. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, எனக்கு 32 வயது. உவர்மலையில் இருக்கிறோம், இரண்டு பேருக்கும் அரச வேலை. கலியாணமாகி நாலு வருடம். பிள்ளை வேண்டுமா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. அவரைக் கேட்டால் ‘பார்ப்பம்’ என்கிறார். எப்படி முடிவெடுப்பது?

தெரியவில்லை என்பதில் பிழை ஒன்றும் இல்லை, தங்கச்சி. ஆனால் அதற்குள் பல விஷயங்கள் கலந்து கிடக்கும். பிள்ளையே வேண்டாம் என்று தோன்றி, அதை வாய்விட்டுச் சொல்லப் பயமா? பிள்ளை வேண்டும், பிரசவத்துக்குத்தான் பயமா? இல்லாவிட்டால், வேலை, சமையல், சுகமில்லாத மாமா எல்லாம் ஏற்கெனவே உங்கள் தலையில் இருக்க, பிள்ளையும் அங்கேதான் வந்து விழும் என்று தெரிந்து தயங்குகிறீர்களா? என்னோடு கதைக்கும் பெண்கள் பலருக்குக் கடைசியில் வெளியே வருவது இதுதான். அப்படியென்றால் பிள்ளையைப் பற்றிக் கதைப்பதற்கு முன்னால் வீட்டு வேலையைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் தனித்தனித் தாளில் எழுதிப் பாருங்கள். வேண்டும், வேண்டாம் என்று எழுத வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஒன்றரை வயது, இரவிலிருந்து காய்ச்சல், நாள் செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை யார் என்ன செய்வார்கள்? யார் லீவு போடுவது, யார் மருந்தெடுக்கக் கொண்டுபோவது, இரவில் யார் எழும்புவது? பிறகு தாள்களை மாற்றி வாசியுங்கள். அவருடைய தாளில் ‘அம்மா பார்ப்பா’ என்று மூன்று இடத்தில் இருந்தால், அந்த மூன்று இடத்தைப் பற்றிக் கதையுங்கள்.

அரச சேவையில் தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் லீவு உண்டு. அதன்பின் 84 நாள் அரைச் சம்பளத்தில், இன்னுமொரு 84 நாள் சம்பளமில்லாமல் எடுக்கலாம். தகப்பனுக்கு 3 நாள். இந்தக் கணக்கைப் பார்த்தாலே அரசாங்கம் யாரை நம்பித் திட்டம் போட்டிருக்கிறது என்று விளங்கும். உங்கள் வீட்டுத் திட்டமும் அதே போல இருக்க வேண்டும் என்று இல்லை.

32 வயதில் தலைபோகிற அவசரம் கிடையாது. ஆனாலும் கருத்தரிக்கும் வாய்ப்பு 30களின் தொடக்கத்திலிருந்து மெல்லக் குறைந்து, 35க்குப் பிறகு வேகமாகக் குறையும். அதனால் ‘பார்ப்பம்’ என்பதற்கு ஒரு திகதி வையுங்கள். சித்திரை வருடப்பிறப்பு என்று வைத்தால், அதுவரை இரண்டு பேரும் நச்சரிக்கக் கூடாது. அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது என்று நழுவவும் கூடாது. வேண்டும் என்று முடிவானால், கருத்தரிக்க முயல்வதற்கு மூன்று மாதம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குவது நல்லது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

என் கணவர் கட்டாரில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருதரம் ஒரு மாத லீவில் வருவார். இரண்டு தரம் வந்துபோய்விட்டார், ஒன்றும் தங்கவில்லை. எனக்கு ஏதும் குறையா? (மூதூர்)

இதை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் ஏறக்குறைய ஆறுதான்: கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும். இளவயதுத் தம்பதிக்கே ஒரு சுழற்சியில் வாய்ப்பு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான். சேர்ந்து வாழ்ந்து, தடுப்பு எதுவும் இல்லாமல் 12 மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால்தான் மருத்துவத்தில் அதைக் குறை என்றே பார்ப்பார்கள். 35 வயதைத் தாண்டிய பெண் ஆறு மாதத்திலேயே வைத்தியரைக் காணலாம். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்ததே மொத்தம் இரண்டு மாதம். சுழற்சி நாட்களைக் குறித்து வைத்து அதற்கேற்ப லீவைக் கேட்கச் சொல்லுங்கள். வந்து நிற்கிற மாதம் முழுவதையும் நாள் பார்த்தே கழிக்காமல், நிலாவெளிப் பக்கமும் ஒருக்கால் போய் வாருங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. பிள்ளை பிறந்தால் அவர் எப்போது திரும்பி வருவதாக உத்தேசம்? அதை இப்போதே தொலைபேசியில் கதைத்துவிடுங்கள்.

கலியாணம் பேசும்போது இரண்டு பிள்ளை வேண்டும் என்றாள். இப்போது ஒன்றும் வேண்டாம் என்கிறாள். எனக்கு 36, அவளுக்கு 33. ஏமாற்றிவிட்டாள் என்று நினைக்கிறேன். (நிலாவெளி)

தம்பி, முதலில் ஏமாற்று என்ற சொல்லைக் கீழே வையுங்கள். கலியாணப் பேச்சில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சுற்றி இருக்க, ஒரு பெண் பிள்ளை வேண்டாம் என்று சொன்னதை நான் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கு அவர் உண்மையாகவே வேண்டும் என்று நினைத்திருக்கவும் கூடும். மனம் மாறுவது வேறு, மறைத்துக் கலியாணம் செய்வது வேறு.

ஏன் மாறியது என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் சொன்ன காரணம் ஒன்றுகூட இல்லை, நீங்கள் சொன்னவை மட்டும் இருக்கின்றன. உறவில் யாருக்காவது பிரசவம் பிழைத்திருக்கலாம். தாய் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்திருக்கலாம். 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்கள் மனதில் அப்படியே இருக்கலாம். பயம் என்றால் நேரம் கொடுத்தும் வைத்தியரோடு கதைத்தும் குறைக்கலாம். எந்தப் பயமும் இல்லாமல், தெளிவாக ‘இந்த வாழ்க்கை எனக்குப் போதும்’ என்கிறார் என்றால், அதைப் பயமாக்கி வைத்தியம் பார்க்கப் போகாதீர்கள்.

வீடு எங்கே கட்டுவது என்று சண்டை வந்தால் நடுவில் ஒரு காணி பார்க்கலாம். இதில் நடு கிடையாது, பாதிப் பிள்ளை பெற முடியாது. யாரோ ஒருவர் பெரியதொன்றை விடத்தான் வேண்டும். விடுகிறவர் தெரிந்து, வாய்திறந்து சொல்லி விட்டால் உறவு தாங்கும். சொல்லாமல் விழுங்கினால் பத்து வருடம் கழித்து உப்புச் சப்பில்லாத ஒரு சண்டையில் அது வெளியே வரும். பிள்ளை இல்லாமல் அவரோடு வாழ முடியுமா என்று நீங்கள் உங்களையே கேளுங்கள். முடியாது என்றால், அதை மிரட்டலாகச் சொல்லாமல் துக்கமாகச் சொல்லுங்கள். பிரிவதும் ஒரு நேர்மையான முடிவாக இருக்கலாம். எனக்குப் பிடித்த முடிவு அது இல்லை, ஆனாலும் வேண்டாத பிள்ளையைப் பெற வைப்பதைவிட மேல்.

மாத்திரையை ஒளிப்பது, ‘தற்செயலாக’ நடக்கட்டும் என்று விடுவது போன்ற வேலைகள் வேண்டாம். “ஒன்று பிறந்தால் எல்லாம் சரியாகும்” என்று சொல்கிற நண்பரிடம் இதைப் பற்றிக் கதைப்பதையும் நிறுத்துங்கள்.

ஆறு வருடமாகப் பிள்ளை இல்லை. எனக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்தது, குறை இல்லை என்கிறார்கள். கணவர் ஒரு பரிசோதனைக்கும் வர மாட்டார். மாமி ‘அவனுக்கு வேறு இடம் பார்ப்பன்’ என்கிறா. (பாலையூற்று)

பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் காரணம் தனியாகவோ சேர்ந்தோ இருக்கும். பெண்ணுக்கு ஊசி, ஸ்கேன், குழாய் அடைப்புப் பரிசோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வார்கள். ஆணுக்கு முதல் பரிசோதனை, சில நாள் உறவு இல்லாமல் இருந்து ஒரு சிறு போத்தலில் விந்தைக் கொடுப்பது. வலி இல்லை, செலவும் அதிகமில்லை. இவ்வளவு இலேசானது ஆறு வருடமாக நடக்கவில்லை என்றால் அவரைத் தடுப்பது வெட்கம். முடிவு பிழையாக வந்தால் தான் ஆம்பிளை இல்லை என்று ஊர் சொல்லும் என்ற நினைப்பு. விந்தணு குறைவதற்கும் ஆண்மைக்கும் சம்பந்தமில்லை என்பதை வைத்தியர் சொன்னால் கேட்பார். மனைவி சொன்னால் குற்றம் சாட்டுவதாகப் படும். ஆகவே உங்கள் அடுத்த கிளினிக்குக்கு அவரைத் துணைக்கு என்று கூட்டிப் போங்கள், மிச்சத்தை வைத்தியரிடம் விடுங்கள்.

மாமிக்கு வருவோம். பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிந்த கலியாணத்தில் விவாகரத்துக்குரிய காரணங்கள் மூன்று: பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கலியாணம் நடந்தபோதே இருந்த, தீர்க்க முடியாத உடலுறவு இயலாமை. பிள்ளை இல்லை என்பது அதில் இல்லை. முதல் கலியாணம் இருக்க இன்னொன்று செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். (முஸ்லிம் விவாகச் சட்டத்தின் கீழ் மணமுடித்தவர்களுக்கு இது வேறு.) மாமியோடு சட்டம் கதைக்கப் போகாதீர்கள், உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். அவரிடம் கதைக்க வேண்டியது மகன்தான். கை நீட்டுவது, வீட்டை விட்டுப் போகச் சொல்வது என்று போனால் 1938 என்ற பெண்களுக்கான உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பிள்ளை போதும். பெரியப்பா ‘எங்கட சனம் குறையுது, நீங்களும் ஒண்டோட நிப்பாட்டினா நாளைக்கு இந்த ஊர் ஆருக்கு?’ என்கிறார். (சம்பூர்)

பெரியப்பாவின் பயத்தைச் சிரித்துத் தள்ள மாட்டேன். 2006இல் இடம்பெயர்ந்து, சொந்தக் காணிக்குத் திரும்ப 2015க்கு மேல் காத்திருந்த ஊர் உங்களுடையது. 2012 குடிசன மதிப்பீட்டில் இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 40 வீதம், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதம். இப்படிப்பட்ட ஊரில் எல்லோரும் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். இதே வசனத்தை மற்ற இரண்டு பக்கத்துப் பெரியப்பாக்களும் தங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

நாடு முழுவதுமே மாறிவிட்டது. 1950களில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்துக்கு மேல் பிள்ளைகள், 2016 கணக்கெடுப்பில் 2.2. எங்கள் சனத்தைக் குறைத்தது போரும் வெளிநாட்டுப் பயணமும். அதை ஈடுகட்டும் கடன் உங்கள் மனைவியின் கருப்பைக்கு இல்லை.

பிள்ளைக்கு எட்டு மாதம். சீதன வீட்டில் மனைவியின் அம்மாவோடு இருக்கிறோம். நான் அங்கே விருந்தாளி மாதிரி. மனைவி என்னோடு சிரித்துக் கதைத்து மாதக்கணக்காகிறது. உடனே இரண்டாவதும் பெற்றால் நெருக்கம் வருமா? (அலஸ்தோட்டம்)

வராது. முதல் பிள்ளைக்குப் பிறகு உறவில் ஒரு சறுக்கல் வருவது மிகச் சாதாரணம். அமெரிக்காவில் 218 தம்பதிகளை 8 வருடம் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பிள்ளை பிறந்தவர்களின் மனநிறைவு பிறப்போடு திடீரென இறங்கியது. பிள்ளை இல்லாதவர்களுக்கும் அதே அளவுக்கு இறங்கியது, ஆனால் படிப்படியாக. உங்களுக்கு நடந்திருப்பது அந்தத் திடீர்.

கிழக்கில் வீடு பெண்ணுக்கு, அம்மாவும் பக்கத்திலேயே. பெரிய உதவிதான். ஆனால் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை சரக்கரைப்பது, குளிக்க வார்ப்பது எல்லாமே பெண்கள் கையில் போய், தகப்பன் முற்றத்தில் நின்று பழகிவிடுகிறார். உள்ளே வர உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள், நீங்களாகத்தான் வர வேண்டும். இரவு பத்திலிருந்து இரண்டு மணிவரை பிள்ளை அழுதால் உங்கள் பொறுப்பு என்று அறிவியுங்கள். ஏணையை ஆட்டுங்கள், நனைந்த துணியை மாற்றுங்கள், பசித்தால் மட்டும் தாயை எழுப்புங்கள். மாமி முதல் கிழமை எழும்பி வந்து நிற்பா. “நான் பாக்கிறன் மாமி, நீங்க படுங்கோ” என்று சொல்லுங்கள். நாலு மணித்தியாலம் தொடர்ந்து தூங்கிய பெண் உங்களோடு சிரிப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

தூங்கியும் அழுகை, பசியின்மை, பிள்ளையில்கூட விருப்பமில்லை என்று இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். 1926 என்ற மனநல எண்ணுக்கும் அழைக்கலாம். இரண்டாவது பிள்ளைக்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை, முதல் பிரசவத்துக்குப் பின் குறைந்தது 24 மாதம் விட்டு முயல்வது.

மச்சாளைக் கலியாணம் முடித்திருக்கிறேன். பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று பயந்து தள்ளிப்போடுகிறோம்.

எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று. சொந்த மச்சான் மச்சாளுக்கு அது ஐந்து ஆறு வரை போகலாம். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சுகமான பிள்ளைகள்தான். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனையை இருவரும் செய்யுங்கள், குடும்பத்தில் பரம்பரை நோய் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எங்களுக்கு 47, 45. பிள்ளை வேண்டாம் என்று நாங்களே எடுத்த முடிவு, வருத்தம் இல்லை. ஆனால் ‘வயது போனால் ஆர் பார்ப்பினம்?’ என்று கேட்கும்போது வாயடைத்துப் போகிறோம். (உப்புவெளி)

உங்கள் ஒழுங்கையிலேயே நாலு பிள்ளையைப் பெற்று, நாலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் வீடு ஒன்றாவது இருக்கும். கேட்பவரிடம் அதைக் காட்டிப் பகைக்க வேண்டாம், “பார்ப்பம்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். இந்த இடத்தில் அந்தச் சொல் நன்றாக உதவும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பொதுச் சட்டத்தின்படி மரண சாசனம் (உயில்) எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்தில் பாதிதான் துணைக்கு. பிள்ளை இல்லாவிட்டால் மறுபாதி இறந்தவரின் பெற்றோர், சகோதரர் பக்கம் போகும். அதாவது இத்தனை வருடம் ஒன்றாக இருந்த வீட்டில், மச்சினன்மாரும் பங்காளிகளாக வந்து நிற்கலாம். (யாழ்ப்பாணப் பூர்வீகம் என்றால் தேசவழமை என்ற வழமைச் சட்டமும் குறுக்கே வரும், கேட்டுத் தெளியுங்கள்.) இரண்டு பேரும் ஆளுக்கொரு மரண சாசனம் எழுதுங்கள். நொத்தாரிசு முன்னால் என்றால் சாட்சி இரண்டு பேர் போதும், நொத்தாரிசு இல்லாமல் என்றால் ஐந்து பேர் வேண்டும். காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே போங்கள்.