விமானம் நாலு மணி நேரம் லேட்: பணம் கிடைக்குமா?

கேள்வி: சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பகல் 1.50 விமானம். அரை மணி, முக்கால் மணி என்று தள்ளித் தள்ளி, ஆறு மணிக்குத்தான் கிளம்பியது. காரணம் கேட்டால் 'ஆபரேஷனல் ரீசன்' என்றார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட், ஜூஸ். தூத்துக்குடியில் காத்திருந்த டாக்சிக்கு வெயிட்டிங் சார்ஜ் 900 ரூபாய் தண்டம். இழப்பீடு கிடைக்குமா? — வாசகர், திருச்செந்தூர்

பதில்: தாமதத்துக்கென்று ரொக்க இழப்பீடு எதையும் நம் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் (டிஜிசிஏ) விதி தரவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் என்றால், 2 மணி நேரம் தாமதமானதுமே காத்திருப்புக்கு ஏற்ற உணவு தர வேண்டும். பகல் முழுக்க உட்காரவைத்துவிட்டு பிஸ்கட் கொடுப்பது அந்தக் கணக்கில் வராது என்பேன். தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால், மாற்று விமானமா, முழுப் பணமா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அரை அரை மணியாகத் தள்ளினால் அந்த 6 மணி நேரக் கணக்கே எழாது பாருங்கள்! அதனால், தாமதம் பற்றி வருகிற ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸையும் சான்றாக அழிக்காமல் வையுங்கள்.

இந்த மாதிரிக் குறுந்தூரத் தடங்களில் ஒரே சின்ன விமானம் நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருக்கும். காலையில் எங்கோ பிடித்த தாமதம் மாலை வரை தொடரும். அது வானிலைக் கோளாறு அல்ல, அவர்கள் போட்ட அட்டவணை. எனவே காரணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். ஜம்முவுக்கு 4 மணி நேரம் தாமதமாகப் போன ரயிலால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட பயணியின் வழக்கில், காரணத்தை நிரூபிக்காத ரயில்வேதான் இழப்பீடு தர வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு ரயிலுடையது என்றாலும் வாதம் உங்களுக்கும் உதவும்.

முதலில் நிறுவனத்துக்குப் புகார், டாக்சி ரசீதோடு. அப்புறம் விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் ஏர்சேவா இணையதளம், நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் ஊர் எல்லையிலேயே வழக்குப் போடலாம், 2 ஆண்டு அவகாசம் உண்டு. வெறும் 900 ரூபாய்க்காக என்றால் நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

கேள்வி: அதே தடத்தில் திரும்பும் விமானத்தை, கிளம்ப 10 மணி நேரம் இருக்கும்போது ரத்து செய்தார்கள். மறுநாள் விமானத்தில் இடம் தந்தார்கள், போய்விட்டோம். இப்போது இழப்பீடு கேட்கலாமா?

பதில்: கஷ்டம். 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லாமல் ரத்து செய்தால், நீங்கள் ஏற்கும் மாற்று விமானம் தர வேண்டும். இல்லையென்றால் முழுப் பணத்தோடு இழப்பீடு தர வேண்டும். நீங்கள் மாற்று விமானத்தில் ஏறிவிட்டீர்கள். மறுத்திருந்தால், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. மலிவு டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான். புயல், மழை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டால் (ஏடிசி) வந்த தடை என்றால் அந்த இழப்பீடும் இல்லை.

டிக்கெட்டை ஏஜென்ட் போட்டாரா? அப்படியானால் அதில் இருப்பது உங்கள் மொபைல் எண்தானா என்று பாருங்கள். சரியான எண் தராத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது.