வெனிஸின் வெள்ளை முகமூடி – கடிதம்

அன்புள்ள சார்,

வெனிஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிப்ரவரியில் அலுவலக வேலையாக மிலன் போகிறேன், வார இறுதியில் ரயிலேறி வெனிஸ் கார்னிவல் திருவிழா பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். இணையத்தில் தேடினால் இறகும் தங்க வேலைப்பாடும் வைத்த முகமூடிகள்தான் வருகின்றன, கூடவே நீண்ட அலகு வைத்த பயங்கரமான ஒன்று. இவையெல்லாம் பழைய மரபுதானா? வருடத்தில் சில நாள் அரசாங்கம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், அப்போது தப்புத்தண்டா செய்ய வசதியாக முகமூடி போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நம் கதைகளில் ராஜா மாறுவேடத்தில் நகர்வலம் போவாரே, அது மாதிரியா? ஒன்று வாங்கி வரவும் ஆசை. எதை வாங்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

முகமூடிக்குள் தப்புத்தண்டா நடந்தது உண்மைதான். ஆனால் அரசாங்கம் கண்டுகொள்ளாமல் விட்டது என்பது சரியில்லை. அந்தக் காலத்தில் தனி நாடாக இருந்த வெனிஸ் குடியரசு முகமூடி விஷயத்தில் விடாமல் மூக்கை நுழைத்துக்கொண்டே இருந்த அரசு. அங்கே முகமூடியைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய பதிவே ஒரு தடைச்சட்டம்தான், 1268ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முகமூடி போட்ட இளவட்டங்கள் பன்னீர் நிரப்பிய முட்டைகளை எறிந்து விளையாடுவதை அது தடுத்தது. 1339இல் இரவில் முகமூடியோடு திரியக்கூடாது என்றார்கள். 1458இல் ஆண்கள் பெண்வேடம் போட்டுக்கொண்டு கன்னியர் மடங்களுக்குள் நுழையக்கூடாது என்று ஒரு ஆணை. அப்படியொரு ஆணை தேவைப்பட்டது என்றால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இதற்கு நடுவே 1436இல் முகமூடி செய்பவர்களுக்கு, அவர்களை மஸ்கரேரி என்பார்கள், தனிச் சட்டவிதிகளே வந்துவிட்டன. ஓவியர் சங்கத்தோடு சேர்ந்த தொழில் அது.

அப்புறம், சில நாள் என்பதும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் அக்டோபர் தொடக்கத்திலிருந்து கிறிஸ்துமஸ் நெருங்கும்வரை, பிறகு கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து தவக்காலம் தொடங்கும்வரை, அதற்குப் பிறகு ஆண்டவரின் விண்ணேற்றத் திருவிழாவையொட்டி இரண்டு வாரம் என்று முகமூடிக்கு அனுமதி இருந்தது. கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட அரை வருடம். அரை வருடம் ஒரு ஊர் முகமூடியோடு கடைக்குப் போகிறது, நாடகம் பார்க்கிறது, சீட்டாடுகிறது என்றால் அதைத் திருவிழாக் கூத்து என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது அவர்களுடைய அன்றாட உடையில் ஒரு பகுதி.

அந்த உடைக்குப் பெயர் பாவூத்தா. தலையையும் தோளையும் மூடுகிற கறுப்புப் பட்டு முக்காடு, உடம்பைச் சுற்றி ஒரு நீண்ட மேலங்கி, மூன்று முனை மடித்த தொப்பி, முகத்தில் ஒரு வெள்ளை முகமூடி. இந்த வெள்ளை முகமூடியை அருகில் வைத்துப் பார்த்தால்தான் அதன் சாமர்த்தியம் புரியும். வாய்க்குத் துளை கிடையாது. மூக்குக்குக் கீழே மேலுதடு இருக்க வேண்டிய இடம் கூரையின் தாழ்வாரம் போல முன்னால் நீண்டு, முகத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கீழ்ப்பக்கம் திறப்பு. அதனால் கழற்றாமலே சாப்பிடலாம், குடிக்கலாம். பேசினால் குரல் உள்ளே மோதி வேறு மாதிரி வெளியே வரும், தெரிந்தவனுக்கும் அடையாளம் தெரியாது. ஆணும் பெண்ணும் இதைப் போட்டார்கள், பிரபுவும் போட்டார், துணி வியாபாரியும் போட்டார். எதிரே வருபவர் யாராக இருந்தாலும் “வணக்கம், முகமூடி அம்மா” என்பதுதான் மரியாதை, உள்ளே இருப்பது மீசைக்காரராகவே இருந்தாலும். பாவூத்தா போட்டவர் ஆயுதம் வைத்துக்கொள்ளக்கூடாது.

உங்கள் ராஜா கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. மாறுவேடம் போடுகிற ராஜா இன்னொருவராகத் தெரிய விரும்புகிறார், பிச்சைக்காரராகவோ வணிகராகவோ. பாவூத்தா போட்டவர் இன்னொருவராகத் தெரிவதில்லை. யாராகவும் தெரிவதில்லை, அவ்வளவுதான். கோமாளி, வைத்தியர், பூனை முகம் என்று வேடம் கட்டுகிற மரபும் அங்கே இருந்தது, அது வேறு. இந்த வெள்ளை முகமூடி எல்லோரையும் ஒரே ஆளாக்கியது. வெனிஸ் போன்ற ஊருக்கு இது எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள். பெயர் பதிவேட்டில் உள்ள பிரபு குடும்பங்கள் மட்டுமே ஆட்சி செய்யலாம், அந்தப் பிரபுக்கள் வெளிநாட்டுத் தூதர்களோடு பேசினாலே குற்றம், ஊரோ கால்வாய்களுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறது. அத்தனை கட்டுப்பாட்டுக்குள் மனிதர்கள் மூச்சுவிட அரசே அளந்து கொடுத்த இடைவெளி இது என்று நான் நினைக்கிறேன். 1638இல் அரசு அனுமதியோடு ரிதோத்தோ என்ற சூதாட்ட மாளிகை திறந்தபோது ஆட வருபவர்கள் முகமூடி போட்டே ஆக வேண்டும் என்று விதி. மேசையில் பணம் வைத்து ஆட்டத்தை நடத்திய பிரபுக்கள் மட்டும் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். 1774இல் அதை இழுத்து மூடும்வரை எத்தனை குடும்பச் சொத்துகள் அங்கே கரைந்திருக்கும்!

பெண்களுக்கு மட்டும் என்று ஒரு முகமூடி உண்டு, மொரெத்தா. கறுப்பு வெல்வெட்டில் வட்டமாக, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. காதில் கட்ட நாடா கிடையாது. உள்பக்கம் ஒரு பொத்தான் இருக்கும், அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் பேச முடியாது. பேச வேண்டுமென்றால் முகத்தைக் காட்ட வேண்டும். அதில் ஒரு வசீகரம் இருந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு, யாரிடம் பேசுவது என்று அவளே முடிவு செய்தாள் என்றும் சொல்வார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் தாடைதான் வலிக்கிறது. 1751இல் கார்னிவலுக்கு ஒரு காண்டாமிருகத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள், பியெத்ரோ லோங்கி என்ற ஓவியர் அந்தக் காட்சியை வரைந்திருக்கிறார். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் ஒரு பெண் மொரெத்தாவோடு நிற்கிறாள். வெனிஸில் கா ரெட்சோனிகோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

அலகு வைத்தது பிளேக் வைத்தியர் உடை. 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஷார்ல் தெ லோர்ம் என்ற வைத்தியர் பெயரில் வருவது. கெட்ட காற்றால் நோய் பரவுகிறது என்று நம்பிய காலம், அலகுக்குள் வாசனை மூலிகைகளை அடைத்துக்கொண்டார்கள். கார்னிவலுக்கு அது பின்னால் வந்து சேர்ந்தது.

1797இல் நெப்போலியனிடம் குடியரசு விழுந்ததோடு இந்த முகமூடி வாழ்க்கையும் முடிந்தது. நீங்கள் பார்க்கப் போகிற கார்னிவல் 1979, 80 வாக்கில் மீண்டும் தொடங்கியது. நுண்கலை மாணவர்களும் இளம் கைவினைஞர்களும் சேர்ந்துதான் முகமூடிப் பட்டறைகளுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். இறகும் மினுமினுப்பும் பெரும்பாலும் இந்தக் காலத்தவை. அதனால் மட்டம் என்று சொல்ல மாட்டேன், நல்ல கைவேலை அதிலும் இருக்கிறது. ஆனால் பழையது என்று நினைத்துக் காசு கொடுக்க வேண்டாம்.

வாங்குவதென்றால் அந்த வெற்று வெள்ளை முகமூடியையே வாங்குங்கள். ஸ்டாலில் தொங்குகிற பிளாஸ்டிக் வேண்டாம். பட்டறையோடு சேர்ந்த கடையாகப் பார்த்துப் போங்கள். களிமண்ணில் முகம் பிடித்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, நனைத்த காகிதத்தைப் பசையோடு அடுக்கடுக்காக அதற்குள் ஒட்டிக் காயவைப்பார்கள். கையிலெடுத்தால் கனமே இருக்காது. திருப்பிப் பாருங்கள், உள்பக்கத்தில் காகிதத் துண்டுகளின் ஓரங்கள் தெரியும். தெரியவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். பெட்டியில் வைக்கும்போது உள்ளே சட்டையைச் சுருட்டித் திணித்துவிட்டால் நசுங்காது.