கல் பவளம்: உருவத்தை நம்பலாமா? – கேள்வி பதில்

மாலதி: பவளப்பாறை என்கிறோம். அது பாறையா, செடியா, விலங்கா?

விலங்குதான். கடல் சாமந்திக்கும் ஜெல்லி மீனுக்கும் உறவு. பாலிப் என்கிற சிறிய உடல், மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். அடிப்பக்கத்திலிருந்து சுண்ணாம்பைச் சுரந்து தனக்கு ஒரு கிண்ணம் கட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்திருக்கும். ஆயிரக்கணக்கான கிண்ணங்கள் ஒட்டி வளர்ந்தால் அதுதான் நம் கண்ணுக்குப் பாறை. பவளத்தின் பாலிப்பைப் பூ என்று நம்பிய காலத்தில், 1720-களில், பெய்சோனல் என்ற பிரெஞ்சு மருத்துவர் அது பிராணி என்று சொன்னார். அறிஞர்கள் அப்போது ஏற்கவில்லை.

சேகர்: மோதிரத்தில் பதிக்கிற சிவப்புப் பவளமும் இதுவும் ஒன்றா?

இல்லை. நகைப் பவளத்தின் பாலிப்புக்கு உணர்கொம்புகள் சரியாக எட்டு. ஒவ்வொன்றும் இறகு மாதிரி ஓரம் பிளந்திருக்கும். பவளப்பாறையைக் கட்டும் கல் பவளத்தில் ஆறின் மடங்காக வரும். கொம்பு மழுமழுவென்று இருக்கும். நீலப் பவளமும் குழல் பவளமும் கல் போலவே இருந்தாலும் எட்டுக்கொம்புக் கூட்டத்தில் சேர்ந்தவை. தொட்டால் சுரீரென்று எரியும் நெருப்புப் பவளமோ ஹைட்ராவின் வகையறா. கல் கட்டும் திறமை பல பரம்பரைகளில் தனித்தனியாக வந்திருக்கிறது. அதனால் கெட்டியாக இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள்.

ரஹீம்: மொத்தம் எத்தனை இனங்கள்?

கல் பவளங்களில் இப்போது வாழ்பவை 1,600-க்கு மேல். இதில் ஏறக்குறைய பாதிக்கு, வெயிலில் உணவு தயாரித்துத் தரும் பாசி உடலுக்குள் கிடையாது, அதனால் வெயிலும் தேவையில்லை. பெரும்பாலும் ஆழத்தில், குளிர்ந்த நீரில் வாழ்கின்றன. நார்வேக்கு அப்பால் 300 மீட்டருக்குக் கீழே, இருட்டில், சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பவளத்திட்டு இருப்பது 2002-இல்தான் தெரியவந்தது. பவளம் என்றாலே வெப்பமண்டலம் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

தேன்மொழி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத பவளத் துண்டு ஒன்று இருக்கிறது. உருண்டையாக, பெரிய பெரிய குழிகளோடு. எப்படிப் பெயர் கண்டுபிடிப்பது?

முதலில் அது உருண்டை என்பதை மறந்துவிடுங்கள். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்றை எடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். ஒரே ஒரு குழியைப் பாருங்கள். சுவரிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போல நிற்கும். முதலில் ஆறு தகடுகள், அவற்றின் இடைவெளிகளில் இன்னோர் ஆறு, பிறகு பன்னிரண்டு, பிறகு இருபத்துநான்கு. துண்டு தேய்ந்திருந்தால் இந்த வரிசை பிடிபடாது. உடையாத ஓரத்தில் வேறு குழியைத் தேடுங்கள். தகட்டின் விளிம்பில் ரம்பப் பற்கள் இருக்கின்றனவா, நடுவில் கடற்பஞ்சு மாதிரி ஒரு முடிச்சு இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுவர். பக்கத்துக் குழியும் இதுவும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டால் ஃபாவைட்டீஸ் என்ற பேரினமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர், நடுவில் சிறு பள்ளம் என்றால் டிப்சாஸ்ட்ரியா என்ற பேரினத்தின் பக்கம் போகலாம். குழிகள் ஒன்றோடொன்று கலந்து நெளிநெளியாக வாய்க்கால் ஓடினால் அது மூளைப் பவளம். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். குழியின் படத்தை அனுப்புங்கள், துண்டின் படம் வேண்டாம்.

ஜோசப்: என் பழைய கையேட்டில் ஃபாவியா என்று இருக்கிறது. இப்போது அதையே டிப்சாஸ்ட்ரியா என்கிறார்கள். எதற்கு இந்தப் பெயர் மாற்றம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இருநூறு ஆண்டுகளாகச் சுண்ணாம்புக் கூட்டின் உருவத்தைப் பார்த்தே வகைப்படுத்தினார்கள். அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் ஒரே மாதிரிக் குழிகளோடு உருண்டைப் பவளங்கள் இருந்தன, இரண்டையும் ஃபாவியா என்றார்கள். 2004-இல் மரபணுக்களை ஒப்பிட்டபோது அட்லாண்டிக் ஃபாவியாவுக்கு நெருங்கிய சொந்தம் பக்கத்திலேயே இருந்த வேறு அட்லாண்டிக் பவளங்கள் என்று தெரிந்தது. பசிபிக் 'ஃபாவியா' தூரத்துச் சொந்தம்தான். பெயர் முதலில் சூட்டப்பட்டது அட்லாண்டிக் இனத்துக்கு. எனவே விதிப்படி பெயர் அங்கேயே நின்றது. பசிபிக் இனங்கள் 2012-இல் வேறு குடும்பத்துக்கு, வேறு பேரினப் பெயரோடு மாறின.

இதற்கு முன்பே, 1996-இல், இன்னும் பெரிய அதிர்ச்சி வந்துவிட்டது. கல் பவளங்கள் அடியிலிருந்தே இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிகின்றன என்று மரபணு காட்டியது. கிளைகிளையாக வளரும் அக்ரோபோரா ஒரு பக்கம். அதேபோல் கிளைவிடும் போசில்லோபோரா மறுபக்கம், மூளைப் பவளங்களோடு. அருகருகே வளரும் அந்த இரண்டு புதர்களையும் நான் பல காலம் ஒரே குடும்பம் என்றே எண்ணியிருந்தேன். மரபணு சொன்ன பிறகு மின்னணு நுண்ணோக்கியில் தகட்டின் பற்களைத் திரும்பப் பார்த்தார்கள். ஃபாவியாக்களுக்கு இடையே இருந்த வேறுபாடு அந்தப் பற்களில் இருந்தது. கூடு பொய் சொல்லவில்லை. நாம்தான் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்பரசி: இவை எப்போது தோன்றின?

புதைபடிவத்தில் ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரையாசிக் காலத்தின் நடுவில், பல வகைகளாகத் திடீரென்று தென்படுகின்றன. அதற்கு முன் வாழ்ந்த ருகோசா பவளங்கள் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவில் முற்றாக அழிந்தன. இவை அவற்றின் வாரிசுகள் என்று சொல்வதில் சிக்கல் இருக்கிறது: ருகோசாவின் கூடு கால்சைட், இவற்றினுடையது அரகோனைட் (இரண்டும் சுண்ணாம்பின் வெவ்வேறு படிக வடிவங்கள்), ருகோசாவில் புதுத் தகடுகள் நான்கு இடங்களில்தான் முளைத்தன. மரபணுக் கணக்கோ கல் பவளங்களின் வேரை 40 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் கொண்டுபோகிறது. மென்மையான உடலோடு, கூடு இல்லாமல் நெடுங்காலம் வாழ்ந்திருந்தால் படிவம் கிடைக்காதது இயல்புதானே? எனக்கு இந்த விளக்கம் பொருத்தமாகத் தோன்றுகிறது.

கார்த்திக்: இரண்டு இனங்கள் கலக்குமா?

கலக்கும். கரீபியனில் மான்கொம்புப் பவளமும், எல்க் என்ற பெரிய மானின் பெயர் கொண்ட எல்க்கொம்புப் பவளமும் கலந்து பிறந்ததைத் தனி இனம் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். அது கலப்பினம் என்று 2002-இல் மரபணு உறுதிசெய்தது.

ஷாலினி: கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்துச் சாகும்போது பெயர் வைப்பதும் வகைபிரிப்பதும் அவசியமா?

இப்போதுதான் மிக அவசியம். அக்ரோபோராவில் ஒரே பெயரில் அழைக்கப்பட்ட சில பவளங்கள் உள்ளே பல இனங்களாகப் பிரிகின்றன, அவை வெப்பத்தைத் தாங்கும் அளவும் வேறுபடுகிறது. எல்லாவற்றையும் ஒரே பெயரில் எண்ணினால், உள்ளே ஓர் இனம் காலியாவது கணக்கில் தெரியாது. கரீபியனின் தூண் பவளத்தைப் பாருங்கள். கடலடியிலிருந்து தூண் தூணாக எழும். மற்ற பவளங்கள் பலவும் இரவில்தான் கொம்பு நீட்டும், இது பகலிலேயே நீட்டிக்கொண்டு மயிர் போர்த்தியது போல அசையும். அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே. 2014-இல் புளோரிடாவில் தொடங்கிய திசு அழிவு நோய்க்குப் பிறகு, தானாக இனம் பெருக்க முடியாத அளவுக்கு அங்கே அது குறைந்துவிட்டது. மிஞ்சியவற்றிலிருந்து துண்டுகள் எடுத்து, கரையில் தொட்டிகளில் வளர்த்து வருகிறார்கள்.