தொட்டித் தண்ணீர் வெளுத்தால் கொட்ட வேண்டாம்

கேள்வி: போன வாரம் இரண்டடித் தொட்டி வாங்கி, கலர் கல் பரப்பி, நாலு கோல்டு ஃபிஷ் விட்டோம். முதல் இரண்டு நாள் தெளிவாக இருந்தது, மூன்றாம் நாளிலிருந்து அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு தடவை முழுத் தண்ணீரையும் கொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவியும் அதே கதை. அம்மா படிகாரம் போடச் சொல்கிறார், கடைக்காரர் நீல மருந்து கொடுத்திருக்கிறார். எதைப் போடுவது? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: இரண்டையும் போடாதீர்கள். முழுத் தண்ணீரையும் மாற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். தொட்டி தெளியாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, பின்னால் வெள்ளைத்தாள் வைத்துப் பாருங்கள், அப்புறம் ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டுவிடுங்கள். காலையில் அடியில் வண்டல் தங்கி மேலே தெளிந்திருந்தால் அது கல்லின் தூசி, சரியாக அலசாத கலர் கல்லில் இது சகஜம். ஆனால் தூசியாக இருந்தால் தண்ணீர் ஊற்றிய அன்றே கலங்கியிருக்கும். உங்களுக்கு மூன்றாம் நாள் வெளுத்திருக்கிறது, டம்ளரில் எத்தனை நேரம் வைத்தாலும் தெளியாது என்றுதான் நினைக்கிறேன். அது பாக்டீரியா. மீனின் கழிவையும் மிஞ்சிய தீனியையும் தின்று மிதக்கிற வகை, சாப்பாடு கிடைத்தால் சில மணி நேரத்திலேயே பல மடங்கு பெருகிவிடும்.

இந்த வெண்மையால் மீனுக்கு நேரடியாகப் பெரிய கெடுதல் இல்லை, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை அது இழுத்துக்கொள்வதுதான் தொந்தரவு. அதனால் காற்று மோட்டாரை ராத்திரியும் நிறுத்தாதீர்கள். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். அப்படிச் செய்தால் காற்று போதவில்லை, அல்லது கண்ணுக்குத் தெரியாத, மீனுக்கு விஷமான அமோனியா ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நான் பயப்படுவது அமோனியாவுக்குத்தான். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் வருகிற அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்ற வேறு வகை பாக்டீரியாக்கள் இருக்கின்றன, அவை ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. மெதுவாகத்தான் வளரும், புதுத் தொட்டியில் அவை நிலைக்க 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நீங்கள் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தபோது, அதுவரை ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சத்தையும் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் முடித்துவிட்டது. கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கிறது.

அம்மா சொன்ன படிகாரம் கிணற்றுத் தண்ணீருக்குச் சரிதான், கலங்கலைத் திரட்டி அடியில் இறக்கும். மீன் இருக்கிற தொட்டியில் போட்டால் தண்ணீரின் பிஹெச் இறங்கி அமிலத்தன்மை கூடும், திரண்ட கசடு செவுளில் ஒட்டும், பார்வைக்குத் தெளிந்தாலும் அமோனியா அப்படியே இருக்கும். நீல மருந்து என்பது பெரும்பாலும் மெத்திலீன் புளூ, பூஞ்சை பிடித்த மீனைத் தனி வாளியில் வைத்துப் பார்க்கிறபோது பயன்படும். முழுத் தொட்டியில் ஊற்றினால் வளர வேண்டிய பாக்டீரியாவையும் சேர்த்து அடிக்கும், கண்ணாடிகளை இணைக்கிற சிலிகான் பசையும் நீலமாகிவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு நாள் தீனியே போடாதீர்கள், கோல்டு ஃபிஷ் பட்டினியில் சாகாது, பாப்பா அழுதாலும் பரவாயில்லை. அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. உங்கள் தொட்டி சுமார் 50 லிட்டர் பிடிக்கும், மீன்கள் சோர்ந்தால் அல்லது சோதனைக் குப்பியில் அமோனியா காட்டினால் ஒரு வாளி, அதாவது 12 லிட்டர் மட்டும் எடுத்துவிட்டு, ஆன்ட்டி குளோரின் (குளோரினை முறிக்கிற மருந்து) கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். வெண்மை சில நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். இன்னொன்று, இரண்டடித் தொட்டிக்கு நாலு கோல்டு ஃபிஷ் அதிகம். கழிவு நிறையப் போடுகிற மீன் அது, விரலளவில் விற்றாலும் வளர்ந்தால் உள்ளங்கையை நிறைக்கும். கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றால் இரண்டைக் கொடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் தொட்டி பச்சையாகக் கலங்குகிறது. அதற்கும் இதே வைத்தியமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: இல்லை, அது பாசி. தொட்டி ஜன்னலோரமாக இருக்கும், வெயில் படும், இல்லையென்றால் விளக்கு நாள் முழுக்க எரியும். வெயில் படாத சுவருக்கு நகர்த்துங்கள், விளக்கு 6 மணி நேரம் போதும். அப்படியும் போகாவிட்டால் மூன்று நாலு நாள் கெட்டித் துணியால் மூடி இருட்டில் வையுங்கள், காற்று மட்டும் ஓடட்டும். திறந்ததும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், செத்த பாசியும் அழுகி அமோனியாவாகும்.

கேள்வி: அப்படியானால் ஃபில்டரைக் கழுவவே கூடாதா? (வாசகர், மதுரை)

பதில்: கழுவலாம், குழாயடியில் வேண்டாம். தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த அந்த வாளித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு தடவை அமுக்கிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். அழுக்காகத் தெரிந்தால் தெரியட்டும், நீரோட்டம் குறைந்தால் மட்டும் கை வையுங்கள்.