முதுகெலும்பு டி.பி.: ஆபரேஷன் இல்லாவிட்டால் கூன் விழுமா?

உசிலம்பட்டியிலிருந்து எழுதியிருக்கும் அம்மா, உங்கள் நீண்ட கடிதத்தில் கேட்க வந்தது கடைசி வரியில்தான் இருக்கிறது: "முதுகெலும்பு டி.பி.க்கு மாத்திரை மட்டும் சாப்பிடுகிற என் 8 வயது மகளுக்குக் கூன் விழுந்துவிடுமா?"

பெரும்பாலானோருக்கு இந்த நோயில் ஆபரேஷன் தேவைப்படாது; உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் மாத்திரை கிருமியைத்தான் கொல்லும். அரித்துப்போன எலும்பைத் திருப்பித் தராது. முன்பக்க எலும்பு கரைந்து பின்பக்கம் அப்படியே நிற்பதால்தான் முதுகு வளைந்து பின்னால் துருத்துகிறது. பெரியவர்களுக்கு, நோய் ஆறியதும் வளைவு பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். குழந்தைக்கு அப்படி இல்லை. நோய் ஆறிய பிறகும், வளர்ந்து முடிகிற வரை வளைவு மாறக்கூடும். பலருக்குத் தானாகவே குறையும். வேறு பலருக்குக் கூடிக்கொண்டே போகும்.

யாருக்குக் கூடும் என்பதை எக்ஸ்ரேயிலேயே முன்கூட்டிக் கணிக்கலாம். கோவை டாக்டர் எஸ். ராஜசேகரன் 2001-ல் இதற்கு நான்கு அறிகுறிகளை எழுதினார்: பின்பக்க மூட்டு விலகுவது, எலும்பு பின்னோக்கித் தள்ளப்படுவது, பக்கவாட்டில் நகர்வது, மேல் எலும்பு முன்பக்கம் குப்புறச் சாய்வது. இவை சேர்ந்து தெரிந்தால், கூன் பெரிதாகட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும். ஆகவே கோர்ஸ் முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுங்கள். பழைய ஃபிலிம்களைத் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கூடியதா என்று தெரியும். வலி போனதும் மதுரைக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

குளிக்க வைக்கும்போது முதுகில் துருத்தல் பெரிதானதாகத் தோன்றினால் அந்த ஆறு மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நடை தடுமாறினாலோ, கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடங்காமல் போனாலோ அன்றே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

மற்றவை சில்லறை விஷயங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசின் மாத்திரையால், ஒன்றும் ஆகாது. நுரையீரலில் டி.பி. இல்லை என்று பார்த்தாகிவிட்டதால் தம்பி பக்கத்தில் படுக்கலாம். மெடிக்கலில் நீங்களாகவே வாங்கிய கால்சியம் கூனைத் தடுக்காது.

யூடியூப் பார்த்துவிட்டு, தைலம் போட்டு நீவி விடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே கூடாது. அரித்த எலும்பை அமுக்கினால் தண்டுவடம் நசுங்கலாம். அப்புறம், ஐந்து மாதத்தில் வலி போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்துகிற யோசனையும் வேண்டாம். பொதுவாக ஒரு வருடமாவது ஆகும். எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.