மார்ச் மாதத்துப் பணம்: கல்வி நிதி பற்றி வாசகர் கேள்விகள்

கருவூலத்திலும் தணிக்கையிலுமாக முப்பத்தோரு வருடம் ஓட்டியவன் நான். போன முறை பள்ளிக் கணக்குகளைப் பற்றி எழுதியபின் வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். கட்சிகளைத் திட்டி வந்த மூன்று கடிதங்களை விட்டுவிட்டேன். அதில் ஒன்றில் திட்டு நன்றாகவே இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

“கல்விக்கு இதுவரை இல்லாத ஒதுக்கீடு” என்று வருடாவருடம் சொல்கிறார்கள். அப்படியானால் வெட்டு எங்கே நடக்கிறது? – கல்லூரி மாணவி, கரூர்

பட்ஜெட் நாளில் நடப்பதில்லை. அதனால்தான் கண்ணில் படுவதில்லை. அன்று வாசிப்பது வெறும் மதிப்பீடு. அடுத்த வருட பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டினால், புது எண்ணுக்குப் பக்கத்துப் பத்தியில் போன வருடத்துக்கான ‘திருத்திய மதிப்பீடு’, அதாவது வருடத்தின் நடுவில் கூட்டியோ குறைத்தோ மாற்றிய எண், இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பள்ளி மதிய உணவுக்கான மத்திய அரசின் பி.எம். போஷன் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-24-இல் அறிவித்தது 11,600 கோடி ரூபாய், திருத்தியது 10,000 கோடி. 2024-25-இல் அறிவித்தது 12,467 கோடி, திருத்தியது மறுபடியும் 10,000 கோடி. 2025-26-க்கு 12,500 கோடி. இதை 10,000-த்தோடு ஒப்பிட்டால் கால்வாசி உயர்வு. முந்தைய அறிவிப்போடு ஒப்பிட்டால் உயர்வு வெறும் 33 கோடி. மேடையில் பேசுகிறவர் எந்த எண்ணைக் கையில் எடுக்கிறார் என்பதிலேயே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நடுவில், 2024 டிசம்பரில், தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒன்றின் ஒருவேளைச் சாப்பாட்டுக்கான பொருட்செலவை 5 ரூபாய் 45 பைசாவிலிருந்து 6 ரூபாய் 19 பைசாவாக உயர்த்தினார்கள். கூடியது 74 பைசா. கடைக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு புரியும்.

சமக்ர சிக்‌ஷா, அதாவது நம் ஊரில் ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’ என்கிற மத்திய அரசுத் திட்டம், 2020-21-இல் 38,751 கோடியில் தொடங்கி 27,957 கோடியில் நின்றது. பள்ளி பூட்டியிருந்த வருடம், செலவு குறையத்தானே செய்யும் என்பார்கள். பாடம் விட்டுப்போன பிள்ளைகளைத் தேடிப்பிடிக்கக் காசு தேவைப்பட்டதும் அந்த வருடம்தானே?

ஒளிக்காமல் நேரடியாக வெட்டியதும் உண்டு. சிறுபான்மை மாணவர்களுக்கான பிரீ மெட்ரிக் உதவித்தொகையை 2022-இல் 9, 10-ஆம் வகுப்புகளோடு சுருக்கினார்கள். எட்டாம் வகுப்புவரை இலவசக் கல்விதான் சட்டப்படி இருக்கிறதே என்பது சொன்ன காரணம். ஒதுக்கீடு 1,425 கோடியிலிருந்து அடுத்த வருடம் 433 கோடிக்கு வந்தது. பிடிக்கிறதோ இல்லையோ, இது பத்திரிகையில் வந்தது, விவாதம் நடந்தது. திருத்திய மதிப்பீட்டுக்கு யாரும் மறியல் செய்து நான் பார்த்ததில்லை.

பள்ளி மானியம் இந்த வருடமும் மார்ச் இரண்டாம் வாரம்தான் வந்தது. 31-க்குள் செலவழித்து யூ.சி. (பயன்பாட்டுச் சான்று) கொடு என்கிறார்கள். ஜூனிலிருந்து சாக்பீஸ், குழாய் ரிப்பேர் எல்லாம் என் கைக்காசு. என்ன செய்யட்டும் ஐயா? – தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, தென் மாவட்டம்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

மற்றவர்களுக்காக முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். முப்பது பிள்ளைகள்வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 10,000 ரூபாய். நூறுவரை 25,000. இருநூற்றைம்பதுவரை 50,000. ஆயிரம்வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும். எண்பது பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம். மோட்டார் ஒருமுறை காயில் எரிந்தால் தீர்ந்தது.

ஒரு பள்ளித் தணிக்கை நினைவுக்கு வருகிறது. ஊர் பெயர் வேண்டாம். செலவுச்சீட்டுக் கட்டில் ஒரே கடையின் ஒன்பது பில்கள், எல்லாம் மார்ச் 28-ஆம் தேதி, எண் 411 முதல் 419 வரை வரிசையாக. ஒன்றில் ‘துடைப்பம் 60’ என்றிருந்தது. பள்ளியில் இருந்ததே மூன்று வகுப்பறை. “சார், அறுபது துடைப்பமும் எங்கே?” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஜூன் முதல் பிப்ரவரிவரை தேதி போட்டு எழுதியிருந்தார்: சாக்பீஸ் பெட்டி, குழாய் வாஷர், பூட்டு, கழிப்பறை கழுவிய அம்மாவுக்கு இருநூறு, மறுபடியும் வாஷர். கூட்டிப் பார்த்தேன். பில்லுக்கும் நோட்டுக்கும் 140 ரூபாய்தான் வித்தியாசம். செலவு உண்மை, பில் பொய். விதிப்படி தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபக் குறிப்பு, எழுதியாக வேண்டும். எழுதினேன். என் பணிக்காலத்தில் எழுதிய தடைகளில் நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாதது அது.

மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 62-ஆவது விதி, ஆண்டின் கடைசி மாதங்களில் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்கு மீறல் என்றே சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் கேள்வி கேட்கப்படுவது கடைசியில் செலவழித்தவரிடம். பத்து மாதம் உட்கார வைத்து அனுப்பியவருக்குத் தணிக்கைத் தாள் போவதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: ஜூன் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே, மானியம் வரும்வரை அவசரச் செலவை நீங்கள் முன்பணமாகச் செய்வதாகவும், வந்தபின் ஈடுசெய்துகொள்வதாகவும் தீர்மானம் எழுதுங்கள். வாங்கிய அன்றே, வாங்கிய கடையில், வாங்கிய பொருளுக்கே பில் வாங்குங்கள். மானியம் வரவான தேதியை ரொக்கப் பதிவேட்டில் சிவப்பு மையில் குறியுங்கள். தணிக்கையில் கேள்வி வரலாம். தேதி பொய் சொல்லாத பில் கையில் இருந்தால் நின்று வாதாடலாம். அறுபது துடைப்பத்தை வைத்துக்கொண்டு வாதாட முடியாது.

சம்பளத்தில் 4% கல்வி செஸ் பிடிக்கிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது? – தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

சம்பளத்தில் அல்ல, நீங்கள் கட்டுகிற வருமான வரியின்மேல் 4%. 2004-இல் தொடக்கக் கல்விக்கென்று 2%, 2007-இல் உயர்நிலை, உயர்கல்விக்கென்று இன்னொரு 1%, 2018-இலிருந்து சுகாதாரத்தையும் சேர்த்து 4%.

தொடக்கக் கல்வி செஸ்ஸுக்குத் தனி நிதியம் இருந்தது. அந்த 1% செஸ்ஸுக்கு நிதியம் அமைக்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததே 2017-இல். பத்து வருடம் வசூல் மட்டும் நடந்தது. அப்படிச் சேர்ந்தது 83 ஆயிரம் கோடிக்கு மேல் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். காசைக் காணோம் என்று அர்த்தமில்லை. அரசின் தொகுப்பு நிதியில் கலந்துவிட்டது. சர்க்கரை டப்பாவுக்கென்று வாங்கிய காசை வீட்டுச் செலவில் போட்ட மாதிரி.

இன்னொன்று. செஸ் வரியை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. பள்ளி நடத்துவது பெரும்பாலும் மாநிலம், கல்வியின் பெயரால் வசூலித்து வைத்துக்கொள்வது மத்திய அரசு.

மகளை ஆர்.டி.இ.யில் (கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் இலவச இடம்) சேர்க்கக் காத்திருந்தோம். 2025-இல் ஜூன் தாண்டியும் விண்ணப்பமே வரவில்லை. மத்திய அரசு பணம் தரவில்லை என்றார்கள். எங்களுக்கும் டெல்லிக்கும் என்ன சம்பந்தம்? – தாய், திருவண்ணாமலை

2024-25-க்குத் தமிழகத்துக்கு ஒப்புக்கொண்ட சமக்ர சிக்‌ஷா தொகை 3,586 கோடி. அதில் 60%, அதாவது 2,152 கோடி மத்திய அரசின் பங்கு. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்குக் கையெழுத்திட்டால்தான் அது வரும் என்றார்கள். அதில் தேசியக் கல்விக் கொள்கை இருக்கிறது, முடியாது என்றது மாநிலம். பணம் நின்றது. 2025 மே மாதம் வட்டியோடு 2,291 கோடி கேட்டு மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது.

பள்ளிக்கல்விக்கு 44 ஆயிரம் கோடி ஒதுக்கிய வருடத்தில் இது ஐந்து சதவீதம்கூட இல்லையே என்று தோன்றும். அந்தப் பெரிய தொகையில் ஆசிரியர் ஊதியம் போனால் மிஞ்சுவது கொஞ்சம். சிறப்பாசிரியர்கள், பள்ளி மானியம், பயிற்சி, ஆர்.டி.இ. கட்டணம் எல்லாம் இந்த ஐந்து சதவீதத்தில்தான் தொங்குகின்றன. ஆர்.டி.இ. பணத்தை தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூனில் சொன்னது. சேர்க்கை தொடங்கியது அக்டோபரில். அதற்குள் பள்ளி திறந்து நான்கு மாதம்.

என் கருத்து: கையெழுத்துத் தகராறு இரண்டு அரசுகளுக்கு நடுவில். இரண்டில் யார் சரி என்று நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் மாநிலம் தனியார் பள்ளிகளில் ஆர்.டி.இ.க்கான அந்த 25% இடங்களையாவது தன் கைப்பணத்தில் ஜூனில் திறந்திருக்கலாம். கட்டணத்தைத் திருப்பித் தருகிற கடமை சட்டப்படி மாநிலத்துடையது.

லேப்டாப், காலை உணவு, புத்தகப் பை. கல்விப் பணத்தில் பாதி இலவசத்திலேயே போகிறதே, இதுதானே வீண்செலவு? – ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கோவை

பாதியெல்லாம் இல்லை சார். ஊதியம்தான் பாதிக்கு மேல்.

காலை உணவை 2022-இல் தொடங்கியபோது 1,545 பள்ளி, 1.14 லட்சம் பிள்ளைகள், 33.56 கோடி ரூபாய். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு மூவாயிரத்துக்குள். இதை வீண் என்று என்னால் எழுத முடியாது. பசியோடு வந்த பிள்ளை வரிசையில் மயங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

லேப்டாப் வீணா என்பது அது எப்போது கைக்கு வந்தது என்பதைப் பொறுத்தது. 2017-18-இல் பிளஸ் டூ முடித்தவர்கள் 2019-இல் லேப்டாப் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். படிப்பதற்கென்று கொடுக்கிற பொருள், படிப்பு முடிந்தபின்.

வீண் என்று நான் சொல்வது வேறு. 2011-இல் ஆட்சி மாறியதும் சமச்சீர் கல்வியை நிறுத்தினார்கள். 200 கோடி ரூபாய் அளவுக்கு அச்சான புத்தகங்கள் கிடங்கில் கிடந்தன. ஜூனில் திறந்த பள்ளியில் ஆகஸ்ட்வரை பிள்ளைகளுக்குப் புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னபின்தான் கொடுத்தார்கள், அதுவும் சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டி. எங்கள் தெருப் பையன்கள் அந்த ஸ்டிக்கரை ஆவி பிடித்து உரித்து, அடியில் என்ன இருக்கிறது என்று முதல் வேலையாகப் படித்தார்கள். வேறு எந்தப் பாடத்தையும் அவ்வளவு அக்கறையாகப் படித்திருக்க மாட்டார்கள்.

எதிர் உதாரணமும் உண்டு. 2021-இல் ஆட்சி மாறியபோது முந்தைய முதலமைச்சர்கள் படம் போட்ட 65 லட்சம் பைகள் இருப்பில் இருந்தன. அப்படியே கொடுங்கள் என்றார்கள். 13 கோடி மிச்சம்.

டெல்லிப் பக்கமும் பாருங்கள். பெண் குழந்தைகளைக் காக்கவும் படிக்க வைக்கவும் வந்த ‘பேட்டி பச்சாவோ பேட்டி படாவோ’ திட்டத்தில் 2016 முதல் 2019 வரை விடுவித்த 446.72 கோடியில் 78.91% விளம்பரத்துக்கே போனது. சொன்னது நாடாளுமன்றக் குழு, நான் அல்ல.

கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6% என்று கோத்தாரி குழு சொன்னது எப்போது வரும்? – ஆசிரியர் பயிற்சி மாணவர், வேலூர்

1966-இல் சொன்னது. 1968 கொள்கை ஏற்றது. 1986 கொள்கை ஒன்றுதான் எட்டாவது ஐந்தாண்டுத் திட்டத்திலிருந்து என்று காலம் குறித்தது. எட்டாவது திட்டம் 1997-இல் முடிந்துவிட்டது. 2020 கொள்கை உஷாராக, ‘கூடிய விரைவில்’ என்கிறது.

எட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். மூடிவிட்டால் மிச்சம்தானே? – விவசாயி, அரியலூர்

கணக்கில் மிச்சம். கல்வி உரிமைச் சட்டம் அறுபது பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது. எட்டுக்கும் இரண்டுதான். 2019-இல் பிள்ளைகளே இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்குவதாக அறிவித்தார்கள். பிள்ளையே இல்லையென்றால் சரி. எட்டுப் பேர் இருந்தால், அந்த எட்டுப் பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பாருங்கள். வேன் கட்டணம் கட்ட முடிந்தவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எதற்கு வருமான வரி? – முன்னாள் மாணவர், சென்னை

2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதைக் கேட்கிறீர்கள். 424 கோடி ரூபாய் வரி கேட்டார்கள். விதி இதுதான்: அரசு மானியம் மொத்த வரவில் பாதிக்கு மேல் இருந்தால் அது அரசுப் பணத்தில் நடக்கிற கல்வி நிறுவனம், வரி கிடையாது. பாதிக்குக் கீழே போனால் அந்தச் சலுகை இல்லை. தணிக்கைத் தடைகளைக் காட்டி மாநில அரசு மானியத்தைக் குறைத்தது. மானியம் குறைந்ததால் வரி வந்தது. வெட்டு ஒன்று, அதற்கு அபராதம் இன்னொன்று. என் துறைக்காரர்கள் எழுதிய தடைதான் இதன் தொடக்கம் என்பதால் அதிகம் பேசாமல் விடுகிறேன்.

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு வந்து ஒரு வருடமாகப் பெட்டி பிரிக்கவில்லை. யாரிடம் கேட்பது? – பெற்றோர், தேனி

முதலில் தலைமையாசிரியரிடமே கேளுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்படி. அவரும் ஒருவேளை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கலாம்.

பதில் இல்லையென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு போடுங்கள். ‘ஏன் பிரிக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘ஏன்’ என்பதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. நகல் கேளுங்கள்: இருப்புப் பதிவேட்டில் அந்தப் பக்கம், பொருள் இறக்கிய சீட்டு, நிறுவிக் கொடுத்ததற்கான சான்று, வாரண்டி தொடங்கும் தேதியும் முடியும் தேதியும். முப்பது நாளில் வர வேண்டும். பெட்டி பிரிக்காத பொருளுக்கு ‘நிறுவப்பட்டது’ என்று கையெழுத்தான சான்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மனு போடும் முன் ஒரு வேலை. அந்த வகுப்பறைக்குள் போய்ச் சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.