குளிரில் கிளம்பாத கார்: ஒரு மெக்கானிக்கின் பதில்கள்

கேள்வி: போன மாதம்தான் புது பேட்டரி போட்டேன். குளிர் அதிகமான காலைகளில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. வெயில் ஏறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. பேட்டரியை மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடலாமா?

பதில்: சண்டையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பேட்டரி இறங்கிப்போயிருந்தால் பெரும்பாலும் 'டகடகடக' என்று விடாமல் அடித்துக்கொள்ளும். ஒரே 'டக்' என்றால், மின்சாரம் போகும் வழியிலோ எஞ்சினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ தடை இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஹெட்லைட்டை எரியவிடுங்கள். இப்போது சாவியைத் திருப்புங்கள். 'டக்' கேட்கும் அதே நொடியில் விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல் (கேபிள் பேட்டரியோடு சேரும் இடம்). விளக்கு அசையாமல் எரிந்தால் ஸ்டார்ட்டர் அல்லது அதற்குப் போகும் கேபிள்.

என் சந்தேகம் டெர்மினல் மீதுதான். அவசரத்தில் பேட்டரி மாற்றுகிறவர்கள், பழைய கிளாம்பின் உள்பக்கம் படிந்திருக்கும் கருமையைச் சுரண்டாமல் அப்படியே புது பேட்டரியில் மாட்டி, மேலே கிரீஸைத் தடவி அனுப்பிவிடுவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஹாரன் அடிக்கும், ரேடியோ பாடும்; அவற்றுக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாவதால் அந்தத் தேவை இன்னும் ஏறும். பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினையோ அதே குளிரில் மந்தமாகும். மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியிடம்கூடக் கிட்டத்தட்டப் பாதித் திறனைத்தான் எதிர்பார்க்க முடியும். அந்த நேரத்தில் அழுக்கு டெர்மினலும் தன் பங்கைப் பிடித்துக்கொண்டால் எஞ்சின் எப்படிச் சுற்றும்?

ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழ் நடுவிலும், மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். இணைப்பு நன்றாக இருந்தால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் ஸ்பானர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரில் துடைத்து, உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும்வரை தேயுங்கள். மைனஸ் கேபிள் பாடியோடும் எஞ்சினோடும் சேரும் போல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். பலர் எட்டிக்கூடப் பார்க்காத இடம் அது.

இத்தனைக்குப் பிறகும் அடம்பிடித்தால் பேட்டரியை அளக்கலாம். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். அந்த அளவு இருந்தும், செல்ஃப் எடுக்கும்போது, அதாவது ஸ்டார்ட்டர் சுற்றும்போது, 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரியில் கோளாறு இருக்கலாம். அப்போது அந்த எண்களை எழுதிக்கொண்டு தாராளமாகச் சண்டைக்குப் போங்கள்.

கேள்வி: என் பெட்ரோல் காரில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் குளிரில் எஞ்சின் பிடிப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: பெட்ரோல் வாடை வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் முக்கியம். வாடை வந்தால் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகள் நனைந்துவிட்டன என்று பொருள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு விநாடி செல்ஃப் கொடுங்கள். பியூவல் இன்ஜெக்ஷன் கார்கள் பலவற்றில் அப்படி மிதித்தால் பெட்ரோல் தெளிப்பது நின்று, உள்ளே காற்று மட்டும் ஓடும். இது அடிக்கடி நடந்தால் பிளக்கை மாற்றும் காலம் வந்துவிட்டது.

வாடையே இல்லையென்றால் பெட்ரோல் பம்பையும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சாரையும் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். சென்சார் "எஞ்சின் சூடாகத்தான் இருக்கிறது" என்று பொய் சொன்னால் கம்ப்யூட்டர் அதை நம்பி, கையை இறுக்கிவிடும். இந்தப் பொய்யைப் பிடிக்க எளிய வழி: இரவெல்லாம் நின்ற காரில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் காரின் கம்ப்யூட்டரில் உள்ள அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டுங்கள். கூலன்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 5 டிகிரி, மற்றது 40 என்று காட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டது.

கேள்வி: டீசல் கார். குளிரில் வெகுநேரம் சுற்றி, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு கிளம்புகிறது. ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டீசல் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் உள்ளே சூடேற்றும் க்ளோ பிளக் சூடாக இருக்கும்போது, அந்த ஸ்பிரேயில் உள்ள ஈதரை அடித்தால் அது நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையே உடைக்கலாம். நீங்கள் சொல்வது க்ளோ பிளக் பழுதின் அடையாளம். நான்கில் ஒன்றிரண்டு செத்திருந்தாலும் கோடையில் தெரியாது, குளிரில்தான் காட்டிக்கொடுக்கும். டாஷ்போர்டில் சுருள் கம்பி விளக்கு அணையும்வரை காத்திருந்து செல்ஃப் கொடுக்கிறீர்களா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பிளக்குகளைச் சோதிக்கலாம். கிளம்பிய சற்று நேரத்தில் தானாக அணைந்துபோனால் அது வேறு கதை: டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைத்திருக்கும். குளிர்கால டீசலுக்கு மாறுங்கள்.

கேள்வி: வேறொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஜம்பர் கேபிளில் கடைசிக் கறுப்புக் கவ்வியை எங்கே மாட்டுவது?

பதில்: இறங்கிப்போன பேட்டரியின் மைனஸில் அல்ல, அந்தக் காரின் எஞ்சினில், பேட்டரிக்குத் தள்ளி, பெயின்ட் இல்லாத உலோகத்தில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும், கடைசி இணைப்பில் பொறி பறக்கும். இரண்டும் ஒரே இடத்தில் கூடாது. பேட்டரி உப்பியிருந்தாலோ உள்ளே உறைந்திருந்தாலோ கேபிளை எடுக்கவே வேண்டாம், வேறு பேட்டரி போடுங்கள்.